டீத்தண்ணியில் முக்கிய புடவை

போன வாரம் சைத்ரா போன் செய்தாள். பெங்களூர்ப் பெண். ஒரு காலத்தில் சீரியல் செட்டில் என்னோடு ஹூக் தைத்தவள். இப்போது ஒரு சீரியலுக்கு அவள்தான் காஸ்ட்யூம் ஹெட். கன்னடத்தில்தான் பேசுவாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, சேனல்ல ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க. நாலு பக்கம். பொம்பளைங்களை எப்படிக் காட்டணும், ஏழைங்களை எப்படிக் காட்டணும், முஸ்லிம், கிறிஸ்டியன், வேற பாஷை பேசுறவங்க, எல்லாம் போட்டிருக்கு. கடைசியில ஒரு கேள்வி. உங்க டிபார்ட்மெண்ட்ல மரியாதைக்கு என்ன வழி பண்ணியிருக்கீங்கன்னு. நான் என்ன எழுதறது?"

"அழுக்கு வைக்கறதுக்கு முன்னாடி கேட்டோம்னு எழுது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. முழுசாக எழுதி அனுப்பச் சொன்னாள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். எங்க டைலர் உங்க ஊர்க்காரர்தான், அவர் படிச்சுச் சொல்வார் என்றாள்.

நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். மருமகள் பார்த்துத் திருத்துகிறேன் என்றிருக்கிறாள். எழுத்தை மட்டும் திருத்து, என்னைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் பச்சையம்மா. வீடு கோரமண்டலில். தங்க மைன் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. லைன் என்போம். வீட்டுக்காரர் ஏழுமலைக்குக் குழிக்குள்ளே கூரை இடியாமல் மரம் நிறுத்துகிற வேலை. மைனை மூடினார்கள். ஒரு மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மேலே என்ன இருக்கு என்று கேட்டேன். மரம் சரியா நிக்குதான்னு பாக்கறேன் என்றார். சரி, பாருங்க என்று சொல்லிவிட்டு நான் பெங்களூருக்குக் காலை ரயில் ஏறினேன்.

முதலில் கார்மெண்ட்ஸ் கம்பெனி. காலர் மட்டும் தைத்தேன். நான் முழுச் சட்டை ஒன்று தைத்ததே இல்லை. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவள் சீரியல் எடுக்கிற வீட்டில் பாத்திரம் கழுவினாள். அங்கே புடவை கட்டிவிட, இஸ்திரி போட ஆள் வேண்டும் என்றாள். போனேன். நான் வேலைக்கு வந்த கதை இவ்வளவுதான்.

அங்கே காஸ்ட்யூம் மாஸ்டர் ராமண்ணா. பங்காருபேட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, செட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். சட்டைப் பை மேல் ஊக்குகளை வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். ஒருத்தரையும் திட்ட மாட்டார். கையை நீட்டுவார். துணியைக் கொடுக்க வேண்டும். வாங்கி முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் திருப்பி உள்பக்கம் பார்ப்பார். "ஊம்" என்றால் சரி. கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினால் திரும்பச் செய்ய வேண்டும். அவர் இருந்தவரைக்கும் அந்தக் கிராம்பைப் பார்த்துத்தான் நான் வேலை செய்தேன்.

எங்கள் ரூமில் நாலு பீரோ. மாமியார் பீரோ, மருமகள் பீரோ, வில்லி பீரோ, ஆம்பளைங்க பீரோ. மாமியாருக்குப் பட்டு. மருமகளுக்கு மெல்லிசு. வில்லிக்குக் கையில்லாத ஜாக்கெட். கதை மாறும், பீரோ மாறாது. இது போக வேலைக்காரிக்கு ஒரு அட்டைப்பெட்டி. கடைசியாக ஒரு தகரப் பெட்டி. மூடி மேல் பெயிண்டில் கன்னடத்தில் 'இதரெ' என்று எழுதியிருக்கும். மற்றவை என்று அர்த்தம். அதற்குள்ளே தொழுகைக் குல்லா நாலு, கட்டம் போட்ட லுங்கி, ஒரு புர்கா, ஒரு கவுன், பெரிய சிலுவை வைத்த சங்கிலி ஒன்று. அந்த ஒரே சங்கிலிதான் அத்தனை சீரியலுக்கும். நர்ஸ் போட்டாள், டீச்சர் போட்டாள், குடிகார மெக்கானிக் போட்டான்.

என் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா கிறிஸ்டியன். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் கட்டி, பூ வைத்துப் போவாள். கவுன் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சங்கிலியை எடுத்து எடுத்து நான்தான் மாட்டிவிட்டேன். யோசிக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் வாய் திறந்தேன். ஒரு முஸ்லிம் வீட்டம்மா வேஷம். சமையல்கட்டில் அடுப்பாண்டை நிற்கிற சீன். புர்காவோடு நின்றாள். ஆறு மாதமாக அப்படித்தான் நிற்கிறாள்.

"மாஸ்டர், சொந்த வீட்டு அடுப்புகிட்ட யாரு புர்கா போடுவாங்க?"

அவர் கிராம்பைத் தள்ளினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "கழட்டு" என்றார்.

லைட்மேன் பாஷா பாய் மேலே ஏணியில் இருந்தார். அங்கிருந்தே சொன்னார். "ரொம்ப தேங்க்ஸ் பச்சம்மா. எங்க வீட்ல தினம் கேக்கறாங்க, அந்த அம்மா குருமா வெக்கறாங்களா, இல்ல பஸ்ஸுக்கு நிக்கறாங்களான்னு."

செட்டே சிரித்தது. நீங்க இத்தனை நாள் சொல்லக்கூடாதா பாய் என்று கேட்டேன். "என்னை லைட் போடத்தானே கூப்பிட்டாங்க" என்றார்.

வேலைக்காரிக்கு வருகிறேன். கன்னட சீரியலில் வேலைக்காரிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்தான் வைப்பார்கள். கன்னடத்தை உடைத்து உடைத்துப் பேச வேண்டும். வீட்டில் எல்லாரும் சிரிக்க வேண்டும். அந்த வேஷம் கட்டினவள் ஹாசன்காரி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எப்படி உளறணும் அக்கா என்று என்னைக் கேட்டாள். என் நாத்தனார் வள்ளி கன்னடம் பேசுகிற மாதிரியே சொல்லிக்கொடுத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

வள்ளி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்த சீரியல் பார்த்தாள்.

"அண்ணி, இவ இன்னா, என்ன மாதிரியே பேசறா?"

"அப்படியா? தெரியலியே" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். விளம்பரம் வந்தபோது, "அந்தப் புடவைய யாரு செஞ்சது?" என்றார்.

"நான்தான்."

"நல்லா அழுக்கு" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அழுக்கு வைக்கிறது ஒரு வேலை. புதுத்துணி கேமராவில் பளபளக்கும். ஏழை வீடு என்றால் மங்க வைக்க வேண்டும். டல் அடிக்கிறது என்போம். அதில் எனக்குக் கைராசி என்று பெயர். வேறு செட்டிலிருந்துகூடக் கேட்டு வருவார்கள்.

டீத்தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி வாளியில் ஊற்ற வேண்டும். ஒரு கை கல்லுப்பு. உப்பு போட்டால்தான் கறை நிற்கும். புடவையை முதலில் பச்சைத்தண்ணீரில் நனைத்துப் பிழிய வேண்டும். அப்படியே முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஒரு முக்குக்கு ஒரு வருஷப் பழசு. இரண்டு முக்குக்கு மூணு வருஷம். நிழலில் காய வைக்க வேண்டும். காய்ந்ததும் செங்கல்லால் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். கடைசியாகக் கரித்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து விரலால் வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் வைத்தால் பொய் தெரியும். ஒரு பொம்பளை வேலை நடுவில் எங்கே கை துடைப்பாளோ, அங்கே மட்டும். இடுப்புக்குப் பக்கத்தில், முந்தானை முனையில்.

முடிந்ததும் சீட்டு எழுதி ஊக்கு குத்த வேண்டும். எந்த சீன், எந்த நாள், மடிப்பு எத்தனை, எந்தத் தோளில் ஊக்கு. ஒரு சீனை இன்றைக்குப் பாதி எடுப்பார்கள், மீதியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். கதவுக்கு உள்ளே கட்டியிருக்கிற புடவையை அதே அழுக்கோடு கதவுக்கு வெளியேயும் கட்டியிருக்க வேண்டும். கன்டினியூட்டி என்பார்கள். அது தப்பினால் மாஸ்டர் கிராம்பைத் துப்பிவிடுவார் என்று செட்டில் சொல்வார்கள். அவர் துப்பி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்தத் தடவையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

புது சீரியல் ஒன்று. மைன் காலனிப் பெண்ணைப் பெரிய வீட்டுப் பையன் கட்டிக்கொள்கிறான். பையனின் அம்மா காரில் வந்து இறங்கி, காலனி நடுவில் நின்று பெண்ணின் அம்மாவைக் கேவலமாகப் பேசுகிறாள். பின்னால் காலனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும். வீட்டுக்குள்ளே நடக்கிறதைப் பெங்களூர் செட்டில் எடுத்தாயிற்று. பெண்ணின் அம்மா கரி படிந்த புடவையோடு அடுப்பாண்டையிலிருந்து எழுந்து கதவைத் திறக்கிறாள். அவள் கதவைத் தாண்டி வெளியே வருகிறதை எங்கள் கோரமண்டலில் எடுப்பதாக முடிவு. எங்கள் லைனிலேயே.

மாஸ்டர் சொன்னார். "புதுப் புடவை முக்கினா முரடா நிக்கும். கட்டின புடவை பன்னண்டு வேணும். உங்க ஊர்லயே கேளு பச்சம்மா. பின்னாடி நிக்கற பன்னண்டு பேரும் உங்க லைன்காரங்கதானே."

வீடு வீடாகப் போனேன். ஷூட்டிங்குக்குப் பழைய புடவை வேணும் என்றேன். ஒருத்தியும் பழசு கொடுக்கவில்லை. டிவியில் வருகிற புடவையாச்சே. எல்லாரும் நல்லதாகப் பார்த்துத் துவைத்து மடித்துக் கொடுத்தார்கள்.

ஸ்டெல்லாக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கிளிப்பச்சை, மெரூன் கரை. மைன் மூடின வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் எடுத்துக் கொடுத்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதைக் கட்டுவாள்.

"இது எதுக்குக்கா? வேற குடு" என்றேன்.

"எடுத்துனு போ பச்சை. அந்தோணி எடுத்த கலரு, நாலு பேரு பாக்கட்டும்."

எங்கள் லைனில் துணி உலர்த்த ஒரே கம்பி. பத்து வீட்டுத் துணியும் அதில்தான். கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கரையோரம் ஒரு நூல் அடையாளம் உண்டு. எங்களுக்கு மஞ்சள் நூலில் மூன்று தையல். ஸ்டெல்லாக்காவுக்குச் சிவப்பு நூலில் ஒரு கூட்டல் குறி.

பெங்களூர் போய் வாளியில் முக்கினேன். பச்சைப் புடவை கையில் வந்தது. சிவப்பு நூலைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். பன்னிரண்டு கேட்டிருக்கிறார்கள், பதினொன்று எப்படிக் கொடுப்பது என்று ஒரு நினைப்பு. கை வேலைக்குப் பழகிவிட்டது, அது இன்னொன்று. முக்கினேன். இரண்டு முக்கு. கரியும் வைத்தேன். நன்றாக வந்தது.

ஷூட்டிங் அன்று காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. பன்னிரண்டு பேரும் எங்களுக்கு முன்னாலேயே நிற்கிறார்கள். தலை வாரி, பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்து, வீட்டில் இருக்கிறதில் நல்லதைக் கட்டிக்கொண்டு. தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டின சைனைட் மண்மேட்டுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம் நிற்கிற மாதிரி இருந்தது. வள்ளி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

நான் மூட்டையைப் பிரித்தேன். அவரவர் புடவை அவரவர் கைக்குப் போனது.

முதலில் வள்ளிதான் பேசினாள். "இன்னா அண்ணி இது? நாங்க இன்னா இப்பதான் குழிலர்ந்து ஏறி வந்தமா?"

"வேஷம்டி" என்றேன்.

"இன்னா வேஷம்? குழில வேல செஞ்ச ஆம்பளைங்களே குளிச்சிட்டுத்தான் லைனுக்குள்ள வருவாங்க. எங்கண்ணனக் கேளு."

இன்னொருத்தி முந்தானையை மோந்து பார்த்தாள். "இன்னாடி இது, டீ நாத்தம் வருது?"

ஸ்டெல்லாக்கா புடவையைப் பிரித்து, கரையை விரலால் தடவி, சிவப்பு நூலைத் தேடிப் பார்த்தாள்.

"பச்சை, இது என் புடவைதானே?"

"ஆமாக்கா."

"துவைச்சுத்தானே குடுத்தேன்?"

"ஆமா."

"அப்ப அழுக்கு யாருது?"

"நான் வெச்சது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். புடவையை மடித்தாள். மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்கள். மைன்காரங்க குடும்பம். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அசிஸ்டெண்ட் டைரக்டர் வந்தான். ரெடியா என்றான். இல்லை என்றேன். மாஸ்டர் வந்தார். ஸ்டெல்லாக்காவிடம் கையை நீட்டினார். அவள் யோசித்துக் கொடுத்தாள். மோந்து பார்த்தார். உள்பக்கம் திருப்பினார்.

"எத்தன முக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு."

"நல்லா வந்திருக்கு" என்றார். அப்புறம் நூலைப் பார்த்தார். "இது இன்னா சிவப்பு?"

சொன்னேன். யாருடைய புடவை, எதற்கு எடுத்தது, எல்லாம் சொன்னேன். அவர் கிராம்பைத் தள்ளவில்லை. திரும்பி, அதை ஓரமாகத் துப்பினார். புடவையை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

டைரக்டர் கிரீஷ் சார் வந்தார். கெட்ட ஆள் இல்லை. அவசரக்காரர். "இந்தம்மாங்களுக்கு என்ன பிரச்சினை?"

"அழுக்குப் புடவை கட்ட மாட்டேங்கறாங்க சார்" என்றான் அசிஸ்டெண்ட்.

கிரீஷ் சார் அவர்களிடமே பேசினார். "அம்மா, காலனிக்காரங்க ஏழைங்கன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும் இல்ல? இவ்வளவு ஜோரா நின்னா, அந்தப் பெரிய வீட்டுக்காரி எதுக்குக் கேவலமாப் பேசறா?"

வள்ளிக்குக் கன்னடம் உடைந்துதான் வரும். ஆனால் நிற்காமல் வரும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார், நான் பெங்களூர்ல நாலு வீட்ல வேல செய்யறேன். கிழிஞ்சத கட்டினு போனா பாவம்னு சொல்லி இட்லி குடுப்பாங்க. நல்லதா ஒண்ணு கட்டினு போனாத்தான் சார் திட்டு. உனக்கு எதுக்குடி இதுன்னு. நீங்க வேணா உங்க வீட்ல கேட்டுப் பாருங்க."

அசிஸ்டெண்ட் சிரித்துவிட்டான். கிரீஷ் சார் சிரிக்கவில்லை. ஹாசன்காரிக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே கன்னடம்தான். அன்றைக்கு அங்கே இருந்த யாருக்கும் அது உளறலாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கிரீஷ் சார் வசனப் பேப்பரைப் புரட்டினார். "அது சரி. ஆனா பொண்ணோட அம்மா உள்ள கரிப் புடவையில கதவைத் திறந்தாச்சே. ராமண்ணா, கன்டினியூட்டி?"

இத்தனை பேர் சுத்தமாக நிற்க, அவள் ஒருத்தி மட்டும் கரியோடு நின்றால், அசிங்கம் முழுக்க அவள் தலையில் விழும். அவளுக்கும் மாற்றினால் சீன் ஒட்டாது. திரும்பவும் அந்தப் பன்னிரண்டு அழுக்குப் புடவைக்குத்தான் வந்து நிற்கும். இல்லையென்றால் வேனைத் திருப்ப வேண்டும். வேன் திரும்பினால் எனக்கு வேலை போகும். புடவையைக் கட்டவைத்தால் லைனில் நான் இருக்க முடியாது. இரண்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் தெருக் குழாய் இருமியது. எங்கள் பக்கம் தண்ணீர் தினம் வராது. வருகிற நாளில் முதலில் காற்று வரும், இருமுகிற மாதிரி. பன்னிரண்டு பேரும் குழாயைப் பார்த்தார்கள். தண்ணீர் நாளில் ஷூட்டிங்குக்கு வந்ததே பெரிசு.

நான் டைரக்டரிடம் நேராகப் பேசினது கிடையாது. அன்று பேசினேன்.

"சார், அந்தம்மா கரிப் புடவையோட கதவைத் திறக்கட்டும். அது அப்படியே இருக்கட்டும். ஆனா இந்த லைன்ல எவளும் அடுப்பு ஊதின புடவையோட சம்பந்தி முன்னாடி போவ மாட்டா. போவ விடவும் மாட்டாங்க. அக்கம்பக்கம் இருக்கறவ கையப் புடிச்சு நிறுத்துவா. குழாயில மூஞ்சி கழுவி வுட்டு, தன் வீட்டுப் புடவைய குடுத்துத்தான் அனுப்புவா."

கிரீஷ் சார் என்னைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் "ஊம்" என்றார்.

"அந்த அக்கம்பக்கம் யாரு?" என்று கிரீஷ் சார் கேட்டார்.

வள்ளி ஸ்டெல்லாக்காவைக் கை காட்டினாள். "இவங்கதான் சார். எங்க லைன்ல எல்லாருக்கும் கல்யாணப் புடவ கட்டிவுட்டது இவங்கதான்."

கேமரா வைக்க நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில் நான் பன்னிரண்டு புடவையையும் குழாயடிக்கு எடுத்துப் போனேன். ஒருத்தியும் கூட வரவில்லை. "அழுக்கு வெச்ச கையி தொவைக்கட்டும்" என்றாள் வள்ளி. நியாயம்தான்.

உட்கார்ந்து துவைத்தேன். கரி போனது. டீ போகவில்லை. உப்பு போட்டு நானே நிறுத்தின கறை. நல்ல வேலைக்காரியாக இருந்ததற்கு அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன். எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னேன். கிளிப்பச்சையை எடுத்துத் தேய்த்தேன். தேய்த்தேன்.

மேலே நிழல் விழுந்தது. ஸ்டெல்லாக்கா.

"இந்தத் தேய் தேய்ச்சா நூலு பூடும். குடு இங்க."

சோப்பைப் பிடுங்கினாள். தன் பட்டுப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்துவிட்டார்கள். குடம் வைக்கிற சண்டை, யார் புடவை யாருடையது என்கிற சண்டை, என் காதில் விழுகிற மாதிரியே என்னைப் பற்றிப் பேச்சு. நாங்கள் கேமராவை மறந்துவிட்டோம். அது ஓடிக்கொண்டிருந்தது.

அதையும் எபிசோடில் வைத்தார்கள். அதில் என் முதுகு வரும்.

அப்புறம் சீன். பெண்ணின் அம்மாவாக நடிக்கிறவள் கரிப் புடவையோடு கதவைத் தாண்டி வந்தாள். ஸ்டெல்லாக்கா அவள் கையைப் பிடித்தாள். "இப்படியே போவாத. நில்லு." எங்கள் லைன் கன்னடத்தில்தான் சொன்னாள். அசிஸ்டெண்ட் சுத்தமாகச் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டான். "தொடாதே" என்றார் கிரீஷ் சார். முகம் கழுவிவிட்டாள். தன் வீட்டிலிருந்து கத்தரிப்பூக் கலர் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, கேமரா முன்னால் அந்த நடிகையின் தோளில் போட்டாள். "இது என்னுது. நல்லா நட" என்றாள். இந்த வசனம் பேப்பரில் இல்லை. நடிகைக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கார் வந்தது. பெரிய வீட்டுக்காரி இறங்கிப் பேச வேண்டியதைப் பேசினாள். எதிரே பதிமூன்று பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அவள் பேசினதெல்லாம் அவள் மேலேயே போய் விழுந்தது.

ஒரே டேக்கில் ஓகே.

சாயங்காலம் பதினொரு புடவை எலுமிச்சையில் கறை விட்டுச் சரியாகக் காய்ந்தது. கிளிப்பச்சையில் மட்டும் கரையோரம், சிவப்பு நூலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலம் மங்கல் நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஸ்டெல்லாக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உள்மடிப்புல போயிடும், வுடு" என்றாள்.

"டீ குடிக்க வாக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"உங்க வூட்டு டீ வேணாம்மா. ஒரு தடவ என் புடவ குடிச்சதே போதும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்குக் காபிதான். டீ போட்டால் சிரித்துக்கொண்டே டம்ளரைத் தள்ளிவிடுவாள். பேச்சு நிற்கவில்லை, போக்குவரத்து நிற்கவில்லை. டீ மட்டும் நின்றது.

அந்த எபிசோடை லைனில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். மறுநாள் ரயிலில் எதிரே உட்கார்ந்த பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நேத்து அந்த லைன் பொம்பளைங்க நம்ம மாதிரியே நல்லா இருந்தாங்க இல்ல என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெங்களூரில் மாஸ்டர் தகரப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்திருந்தார்.

"பச்சம்மா, இதெல்லாம் எங்க வெக்கலாம்?"

குல்லாவும் லுங்கியும் ஆம்பளைங்க பீரோவுக்குப் போனது. புர்கா, தெருவுக்குப் போகிற சீனுக்கென்று மாமியார் பீரோவுக்குப் போனது. சிலுவைச் சங்கிலி மற்ற சங்கிலிகளோடு போனது. பெரிசு வேண்டாம், சின்னதாக நாலு வாங்கிக்கொள்ளலாம் என்றார். கவுனை யாரும் கேட்கவில்லை. பெட்டியில் நான் இஸ்திரிப் பெட்டியும் கரியும் வைத்துக்கொண்டேன்.

டல் அடிக்கிற வேலையை விடவில்லை. அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கரி வேண்டும், அது நிஜம். ஆனால் முக்குவதற்கு முன்னால் கதை எழுதினவரிடம் போய் நிற்பேன். இவ காலையில எழுந்து இன்னா செஞ்சா சார், துணி எப்ப தொவைச்சா என்று கேட்பேன். முதலில் எரிச்சல்பட்டார்கள். அப்புறம் பச்சம்மா வர்றா, பதில் வெச்சுக்கோ என்று அவர்களுக்குள்ளே சொல்லிக்கொண்டார்கள். ஹாசன்காரி அடுத்த சீரியலிலும் வேலைக்காரிதான். எப்படி உளறணும் என்று வந்து கேட்டாள். வள்ளியின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். அந்த சீரியலில் வேலைக்காரி உளறவில்லை. உடைந்த கன்னடத்தில் வீட்டுக்காரியைக் கேள்வி கேட்டாள். அதற்கும் ஜனங்கள் சிரித்தார்கள். அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.

சைத்ரா, உன் பேப்பருக்கு இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள். இடம் பத்தாது என்றால் ஒரு வரி போதும். யார் வேஷமோ, அவங்க வாசலுக்குப் போய்க் கேட்டுட்டு அப்புறம் முக்கினோம் என்று எழுது.

எழுதி முடித்ததும் நேற்று ஸ்டெல்லாக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் புடவை பற்றின விஷயம். அவளைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. மருமகள் படித்தாள். ஸ்டெல்லாக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உப்பு போட்ட இடம் வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாது. அந்தோணி அண்ணன் பெயர் வந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

முடிந்தது.

"அனுப்பலாமாக்கா?" என்றேன்.

"அனுப்பு. வள்ளியத்தான் ரொம்ப நல்லவளா எழுதிட்ட."

எழுந்து போவாள் என்று நினைத்தேன். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள்.

"டீ போடு பச்சை. உப்பு வேணாம்" என்றாள்.

போட்டேன். குடித்தாள்.